காங்ரா தேயிலை: நம் வாய்க்குப் பிடிக்குமா?

இமாசலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டத்துச் சரக்கு. 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. தவுலாதார் மலையடிவாரத்தில், பாலம்பூர் பக்கம் விளைகிறது. சீன இனச் செடி. குளிர்காலத்தில் செடி தூங்கிவிடும். நம் இலங்கை மலையகம் போல வருடம் முழுக்கக் கொழுந்தெடுக்க முடியாது. ஏப்ரல் வாக்கில் எடுக்கும் முதல் கொழுந்துக்குத்தான் மணம், விலையும் அதற்குத்தான். பாக்கெட்டில் பறித்த பருவம் போடவில்லையென்றால் வாங்காதீர்கள்.

பி.ஓ.பி. எனும் உடைத்த இலைத் தூளுக்குப் பழகியவர்கள் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, சாயம் இறங்கட்டும் என்று மூடிவைப்பார்கள். கசப்புதான் மிஞ்சும். முழு இலைக்கு 200 மில்லி தண்ணீர், 2 கிராம் தேயிலை, கொதி அடங்கியபின் ஊற்றி மூன்று நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். சாயம் வெளிறித்தான் இருக்கும்; பழைய சரக்கென்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். பால் ஊற்றினால் காசு தண்டம். உள்ளங்கையில் சீனி வைத்து நக்கிக் குடிக்கும் பாலில்லாத பிளேன்டீக்கு இது ஆகாது, அதற்கு நம் மலையகத்து டிக்கோயாத் தூளே போதும்.