71,400 கி.மீ. என்று விற்ற டீசல் கார்: ஏர் ஃபில்டர் மூடியில் இருந்த உண்மை

கோவையில் ஒரு ஆட்டோ கன்சல்டிங்கில் 2013 மாடல் டீசல் டிசையர் ஒன்று 4,10,000 ரூபாய்க்குக் கைமாறியது. மீட்டரில் 71,400 கி.மீ. "டாக்டர் வச்சிருந்த வண்டி, வீட்டு ஓட்டம் மட்டும்தான்" என்று சொல்லி விற்றார்கள். நாலாவது மாதம் மலைப்பாதையில் ஏறும்போது நீலப்புகை கக்கி, இழுவை இல்லாமல் நின்றுபோனது. ஒர்க்‌ஷாப்பில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால், மூடியின் உள்பக்கம் மார்க்கர் பேனாவில் பழைய மெக்கானிக் யாரோ எழுதியது அப்படியே இருந்தது: "142310, 8/19". 2019 ஆகஸ்டிலேயே ஒன்றரை லட்சத்தை நெருங்கிய வண்டி அது. ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்சி பர்ட்டிகுலர்ஸ் (வண்டியின் பதிவு விவரம்) எடுத்துப் பார்த்ததும் மீதியும் தெரிந்தது. ஆறு வருஷம் டி போர்டில் (டாக்ஸியாக) ஓடி, பிறகு ஓன் போர்டாக (சொந்த வண்டியாக) மாற்றப்பட்ட வண்டி.

போர்டு மாற்றுவது சட்டப்படி சரியான விஷயம்தான். பெர்மிட்டை சரண்டர் செய்து, வரி வித்தியாசத்தைக் கட்டினால் மாற்றித் தருவார்கள். ஓட்டம் அதிகம் என்பதும் குறையில்லை. பில்லோடு 1,80,000 ஓடிய வண்டியைத் தைரியமாக வாங்கலாம். எதற்கு எவ்வளவு செலவாகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட முடியும். பில் இல்லாத 70,000தான் ஆபத்து. அந்த விலையும் நம்பிக்கையும் பொய்யின் மேல் நிற்கின்றன.

டீசல் வண்டி என்றால் முதலில் வகுத்துப் பாருங்கள். 11 வருஷத்தில் 71,400 என்றால் வருஷத்துக்கு 6,500 கி.மீ.கூட இல்லை. அவ்வளவு குறைவாக ஓட்டுகிறவர் கூடுதல் பணம் கொடுத்து டீசல் எடுப்பது அபூர்வம். அப்படிச் சொன்னால் சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரைக் கொடுத்தால், கடைசியாக எந்தத் தேதியில் எத்தனை கி.மீ.யில் வந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். டிஜிட்டல் மீட்டரை மாற்ற முடியாது என்று நினைக்க வேண்டாம். கிலோமீட்டர் எண் மீட்டர் போர்டில் உள்ள ஒரு சின்ன மெமரி சிப்பில் இருக்கிறது. லேப்டாப்பும் அதற்கான கருவியும் இருந்தால் சீக்கிரமே வேறு எண் எழுதிவிடலாம்.

எண்ணை மாற்றுகிறவர்கள் தேய்மானத்தை முழுதாக மாற்றுவதில்லை. ஸ்டியரிங் கவரையும் சீட் கவரையும் கழற்றச் சொல்லுங்கள். புதுக் கவருக்கு அடியில்தான் வழுவழுப்பான ஸ்டியரிங்கும், கதவுப் பக்கம் அமுங்கிப்போன சீட் ஃபோமும் இருக்கும். டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். 70,000 ஓடிய வண்டியின் பெல்ட் ஓரம் பிசிறடித்திருக்காது. கிளட்ச் பெடல் ரப்பர் மட்டும் புதிதாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். டேஷ்போர்டில் மீட்டரைச் சுற்றிய பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூடிரைவர் நெம்பிய தடம், ஆக்ஸிலரேட்டர் பெடலுக்குப் போகும் வயரில் வெட்டி டேப் சுற்றிய இடம் (வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருந்ததற்கான அடையாளம்), கூரையில் கேரியர் மாட்டிய ஓட்டைகள் இவற்றையும் பாருங்கள்.

அடுத்தது இன்ஜின். பார்க்கப் போகும் நேரத்தை முன்கூட்டியே சொல்லி, "நான் வரும் வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் அன்றைக்குப் பார்க்க வேண்டாம், வேறு நாள் வாருங்கள். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மையைப் பேசும். டிசையரின் 1.3 லிட்டர் டீசல் இன்ஜினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின். அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் பிரஷரில் வேலை செய்கிறது. 10,000 கி.மீ.க்கு ஒருமுறை 5டபிள்யூ-30 ஆயில் மாற்றிய வண்டியில் செயின் இரண்டு லட்சம் தாண்டியும் நிற்கும். ஆயில் மாற்றுவதை இழுத்தடித்தால் கரி சேர்ந்து செயின் பின்கள் தேய்ந்து செயின் நீளும். காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில விநாடி 'கடகட'வென்று அடித்து, பிரஷர் ஏறியதும் அடங்கும். சூடான இன்ஜினில் அந்தச் சத்தம் கேட்காது. உங்களுக்கு முன்னாலேயே ஓட்டிச் சூடாக்கி வைப்பது இதற்காகத்தான்.

பிறகு ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் திறந்து, வாய் மேல் அப்படியே கவிழ்த்து வையுங்கள். லேசான மூச்சு எல்லா இன்ஜினிலும் வரும். மூடி குதித்தாலோ, புகை தள்ளிக்கொண்டு வந்தாலோ பேக் கம்ப்ரஷன்; பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேய்ந்துவிட்டன. டிப்ஸ்டிக் குழாயிலும் இதே புகை வரும். இதை மறைக்கக் கெட்டியான 20டபிள்யூ-50 ஆயிலை ஊற்றி விற்பதுண்டு. கோவை வண்டியில் செய்தது அதுதான். கெட்டி ஆயில் புகையைச் சில வாரம் அடக்கும், தேய்மானத்தைச் சரிசெய்யாது. டீசலில் ஆயில் கறுப்பாக இருப்பது சகஜம். டிப்ஸ்டிக்கில் புத்தம் புது ஆயில் தேன் நிறத்தில் மின்னினால், ஏன் நேற்று மாற்றினார்கள் என்று கேளுங்கள். இன்ஜெக்டர் சந்தேகம் இருந்தால் லீக்-ஆஃப் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்: நாலு ரிட்டர்ன் குழாயையும் நாலு பாட்டிலில் விட்டு ஓட்டினால், எதில் அதிகம் நிரம்புகிறதோ அந்த இன்ஜெக்டர் பழுது.

சாவியை ஆன் மட்டும் செய்து மீட்டரைக் கவனியுங்கள். செக் இன்ஜின், ஆயில், பேட்டரி, ஏபிஎஸ், ஏர்பேக் என வண்டியில் உள்ள எச்சரிக்கை விளக்குகள் முதலில் எரிய வேண்டும். ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் சில நொடியில் தானாக அணையும்; மற்றவை இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம். ஏர்பேக் விளக்கும் ஆயில் விளக்கும் அச்சுப் பிசகாமல் ஒரே நொடியில் அணைந்தால், இரண்டையும் ஒரே வயரில் இணைத்திருக்க வாய்ப்புண்டு. ஓபிடி ஸ்கேனர் (வண்டிக் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் கருவி) உள்ள மெக்கானிக்கைக் கூட்டிப்போவது நல்லது. பல வண்டிகளில் எரர் கோடு அழித்தபின் எத்தனை கி.மீ. ஓடியது என்றும் அது காட்டும், 12 கி.மீ. என்று வந்தால் உங்களுக்காக அழித்திருக்கிறார்கள்.

டிங்கரிங், பட்டி வேலையைப் பெயிண்ட் மீட்டரில் (பெயிண்ட் தடிமனை அளக்கும் கருவி) பிடித்துவிடலாம். கம்பெனி பெயிண்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரான். பட்டி போட்ட இடம் 300ஐத் தாண்டும். கதவும் ஃபெண்டரும் பட்டி பார்த்தால் பேரம் பேசலாம். பில்லரிலும் (கூரையைத் தாங்கும் தூண்) ஏப்ரனிலும் (பானெட்டுக்கு அடியில் சக்கரத்தை ஒட்டிய உள்தகடு) வெல்டிங் இருந்தால் விட்டுவிடுங்கள். சென்னை வண்டி என்றால் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களை நினைவில் வைத்து, தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். சீட் ரெயிலில் துரு, வயர் கனெக்டரில் பச்சைப் பூப்பு இருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம்.

வாங்குகிறவர்கள் பேப்பரில் மூன்று இடத்தில் சிக்குவார்கள். ஹெச்பி (ஆர்சியில் உள்ள கடன் பதிவு) கேன்சல் ஆகாமல் ஃபார்ம் 35ம் பேங்க் என்ஓசியும் (ஆட்சேபனை இல்லைச் சான்று) "வந்துடும்" என்பது ஒன்று. வேறு மாநில வண்டிக்கு ஃபார்ம் 28 என்ஓசி, இங்கே கட்ட வேண்டிய வரி எல்லாம் சேர்த்து விலை பாருங்கள். ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, பணம் முழுதாகப் போகும் முன்பே ஆன்லைனில் நேம் டிரான்ஸ்ஃபர் விண்ணப்பம் போட்டுவிடுங்கள். சொந்த வண்டி ஆர்சி 15 வருஷம்தான் செல்லும். 2013 வண்டிக்கு 2028ல் எஃப்சி (தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600லிருந்து 5,000 ரூபாய் ஆனது. இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாததற்கான பிரீமியம் தள்ளுபடி) உங்களுக்கு வராது, அது அவருடையது.

வண்டியை வாங்கிய கோவைக்காரர் கன்சல்டிங்கில் போய்க் கேட்டபோது, "மீட்டருக்கு நாங்க கேரண்டி சொன்னோமா?" என்றார்கள். அவரிடம் இருந்த ரசீதில் வண்டி நம்பரும் தொகையும் மட்டும்தான். விளம்பரத்தை அதற்குள் அழித்துவிட்டார்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ரசீதில் "மீட்டர் 71,400 கி.மீ., இது உண்மையான ஓட்டம், டி போர்டில் ஓடவில்லை, வெள்ளத்தில் நனையவில்லை" என்று எழுதி, சீல் வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். எழுத மறுத்தால் அட்வான்ஸைக் கொடுக்காமல் கிளம்பிவிடுங்கள். அந்தத் தாள் கையில் இருந்தால் இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வழக்குக் கட்டணம் இல்லை. வழி தெரியாவிட்டால் 1915க்கு அழையுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண்.