சின்ன ரூமுக்கு ஒரு பட்ஜெட் சப்வூஃபர்: ரொம்ப நாள் யூஸ் பண்ணதுல தெரிஞ்சது

ஸ்டீரியோ செட்டப்போட ஒரு சப்வூஃபர் (கீழ் பேஸ மட்டும் வாசிக்கிற தனி ஸ்பீக்கர், சுருக்கமா சப்) சேர்க்கலாமான்னு யோசிக்கிறவங்க எல்லாரும் மொதல்ல கேக்குறது எந்த மாடல் வாங்கலாம்னுதான். இத்தன நாள் யூஸ் பண்ணதுல எனக்குப் பட்டத சொல்றேன், சின்ன ரூமுக்கு மாடலெல்லாம் அப்புறம், அத எங்க வைக்கிறோம், அதோட சத்தத்த எவ்வளவு கம்மியா வைக்கிறோம்ங்கறதுலதான் முக்கால்வாசி விஷயம் இருக்கு. விலை கம்மியான 8 இன்ச் சப்பே தாராளமா போதும், இடம் தேடத்தான் பொறுமை வேணும்.

என் ரூம் 12க்கு 10 அடி, சீலிங்கும் கிட்டத்தட்ட 10 அடி. ஸ்பீக்கர் 5 இன்ச் வூஃபர் வச்ச சின்ன புக்‌ஷெல்ஃப் ஜோடி, ஆம்ப் சாதாரண ஸ்டீரியோ ஆம்ப், சப் அவுட், அதாவது சப்புக்குன்னு தனி அவுட்புட், கிடையாது. குரல், கிட்டார், வயலின் எல்லாம் அருமையா இருக்கும், ஆனா 55, 60 ஹெர்ட்ஸுக்குக் கீழ ஸ்பீக்கர் கையைத் தூக்கிடும். பேஸ் கிட்டாரோட அடி கம்பி 41 ஹெர்ட்ஸ், பியானோவோட கடைசி கட்டை 27.5 ஹெர்ட்ஸ். அந்த நோட்டெல்லாம் சின்ன ஸ்பீக்கர்ல காணாமப் போகாது, அதோட மேல் ஹார்மோனிக்ஸ, அதாவது அந்த நோட்டோட சேர்ந்து ஒலிக்கிற மேல் சுரங்கள, வச்சு மூளையே ஒரு மாதிரி நிரப்பிக்கும், அதனாலதான் நமக்கு குறை தெரியறதில்ல. சப் போட்டதுக்கப்புறம்தான் மிருதங்கத்தோட தொப்பி பக்கம் வாசிக்கும்போது அந்த கும்கி சறுக்கறது ஒரு கனத்தோட வருது, அதுக்கு முன்னாடி அது வெறும் சத்தமா மட்டும் இருந்திருக்கு.

8 இன்ச் போதுமான்னு ஒரு சந்தேகம் எல்லாருக்கும் வரும். ஒரே சத்த அளவுல ஒரு ஆக்டேவ், அதாவது பாதி ஹெர்ட்ஸுக்கு, கீழ போகணும்னா ஸ்பீக்கரோட கோன் 4 மடங்கு காத்த தள்ளணும், அதனால பெரிய ஹாலுக்கு 8 இன்ச் திணறும்தான். சின்ன மூடின ரூம்ல அப்படி இல்ல, ரூமோட நீளத்துல அலையோட பாதி கூட அடங்காத அளவுக்கு கீழ போயிட்டா, சப் ரூம்ல இருக்கற காத்த அப்படியே அமுக்கி விட ஆரம்பிச்சிடும், ரூமே கொஞ்சம் பேஸ ஏத்திக் குடுக்கும். கதவு, ஜன்னல், சுவர் எவ்வளவு கெட்டியா இருக்குங்கறத பொறுத்து இது மாறும், ஆனாலும் சின்ன ரூம் வச்சிருக்கறவங்களுக்கு இது இலவசமா கிடைக்கிற லாபம்.

இப்ப இடத்துக்கு வரேன், இதுதான் முக்கியம். 565ன்னு ஒரு நம்பர ஞாபகம் வச்சுக்கங்க. அத ரூம் நீளத்தால, அடி கணக்குல, வகுத்தா வர்ற ஹெர்ட்ஸ்தான் அந்த நீளத்துல ரூம் தானா ஊதிக் காட்டுற மொத ஃப்ரீக்வென்சி, இதத்தான் ரூம் மோட்னு சொல்றது. ஒலியோட வேகம் செகண்டுக்கு சுமாரா 1130 அடி, அதுல பாதிதான் இந்த 565. எனக்கு 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ், 10 அடிக்கு 56.5. அகலமும் உயரமும் ஒரே அளவா இருக்கறதால ரெண்டும் அந்த 56லயே போய் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்துக்குது. சப்ப மூலையில வச்சா எந்தப் பாட்டப் போட்டாலும் ஒரே நோட்டு மட்டும் கும்முனு எழுந்து நிக்கும், பேஸ் கிட்டார் ஏறி இறங்கி வாசிச்சாலும் காதுக்கு ஒரே சுருதியாத்தான் கேக்கும். நெறைய பேரு பட்ஜெட் சப்னா இப்படித்தான் கொழகொழன்னு இருக்கும்னு சொல்றது பெரும்பாலும் இந்த மூலைப் பிரச்சனையாத்தான் இருக்கும், சப்ப திட்டி பிரயோஜனம் இல்ல. மூலை எல்லா மோடையும் முழுசா கிளப்பி விடும்.

தேடுறதுக்கு பழைய வழி ஒண்ணு இருக்கு. சப்ப தூக்கி நாம உக்கார்ற நாற்காலில வச்சுட்டு, பேஸ் நடை நல்லா ஏறி இறங்கற ஒரு பாட்ட ஓட விட்டு, நாம தரையோட தரையா சுவரோரமா நகர்ந்துக்கிட்டே கேக்கணும், எந்த எடத்துல எல்லா நோட்டும் ஒரே அளவா கேக்குதோ அங்க சப்ப வைக்கணும். சப்பையும் காதையும் இடம் மாத்தினாலும் ரூம் செய்யற வேலை மாறாது, அதனாலதான் இது ஒர்க் ஆகுது. எனக்கு நல்ல இடமா வந்தது ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல, முன் சுவத்தோட நடுப்பகுதி. கணக்குப் பாத்தாலும் அது சரிதான், அகலத்தோட நடுவுல வச்சா அகலத்தோட மொத மோட் கிளம்பவே கிளம்பாது, 56ல இருந்த மேட்டுல பெரிய பங்கு அங்கயே காலி. மிச்சம் இருக்கறது உயரத்தோடது, அது தரையில வச்சா வரத்தான் செய்யும்.

உக்கார்ற இடமும் அதே அளவு முக்கியம். ரூமோட நட்ட நடுவுல உக்காந்தா நீளத்தோட மொத மோடுக்கு அது பள்ளம், 47 ஹெர்ட்ஸ் காணாமப் போயிடும், சப்போட கெயின, அதாவது சத்த அளவ, எவ்வளவு திருப்பினாலும் வராது, ஏன்னா கூட்டுறத எல்லாம் ரூம் அதே அளவுக்கு கழிச்சுக்கும். பின் சுவத்துல முதுகு ஒட்ட உக்காந்தா அதே 47 மண்டைய பிளக்கும். நான் பின் சுவத்துல இருந்து 4 அடி தள்ளி நாற்காலிய போட்டிருக்கேன், அதாவது மூணுல ஒரு பங்கு, சுவரோரத்துல கேக்குறத விட அங்க அந்த நோட்டு சுமாரா 6 டிபி அடங்கிடுது. நாற்காலிய ஒரு அடி முன்ன பின்ன நகர்த்தறது சும்மாதான், ஆனா அது பண்ற வித்தியாசத்த நான் வேற எதுலயும் பாக்கல, எந்த கேபிள் மாத்தினாலும் இதுல பத்துல ஒரு பங்கு கூட வராது.

அப்புறம் சைன் டோன். போன்ல ஃப்ரீயா டோன் ஜெனரேட்டர் ஆப் நெறைய இருக்கு, அத ஆம்புக்கு குடுத்து 30ல ஆரம்பிச்சு 100 வரைக்கும் மெதுவா ஏத்திக்கிட்டே போனா ரூமோட ஜாதகமே தெரிஞ்சிடும். என் ரூம்ல 38 கிட்ட போனதும் ஜன்னல் கொக்கி சன்னமா ஒரு உறுமல் போட ஆரம்பிச்சது, 41ல நின்னுடுச்சு. 47ல சத்தம் தானா வீங்குச்சு. 50க்கு மேல அலமாரி கதவு, அப்புறம் மேல வச்சிருந்த ஒரு போட்டோ ஃபிரேம் சுவத்துல தட்டுற சத்தம். இதெல்லாம் பாட்டு ஓடும்போது தனியா தெரியாது, பேஸ் ஏதோ அழுக்கா இருக்குன்னு மட்டும் தோணும், பழிய சப் மேல போட்டுடுவோம். கொக்கிக்கு ஒரு துண்டு ரப்பர், அலமாரி கதவுக்கு ஓரத்துல ஃபெல்ட் ஒட்டு, ஃபிரேமுக்குப் பின்னாடி நாலு மூலையிலும் டபுள் டேப். அவ்வளவுதான், பேஸ் பளிச்சுன்னு ஆயிடுச்சு.

கிராஸோவர், அதாவது சப் எந்த ஹெர்ட்ஸ் வரைக்கும் வாசிக்கணும்ங்கற எல்லை, எங்க வைக்கணும்ங்கறதுல 80 ஹெர்ட்ஸ்னு எல்லாரும் சொல்ற நம்பர் ஹோம் தியேட்டர்ல இருந்து வந்தது, அங்க ரிசீவர் மெயின் ஸ்பீக்கருக்குப் போற பேஸ வெட்டிட்டு சப்புக்கு மட்டும் அனுப்பும். என்ன மாதிரி சாதா ஸ்டீரியோ ஆம்ப்ல அப்படி வெட்டறதுக்கு ஒண்ணும் இல்ல, ஸ்பீக்கர் அது பாட்டுக்கு தன்னால முடிஞ்ச வரைக்கும் கீழ போய் வாசிக்கும், சப்பும் 80 வரைக்கும் வாசிச்சா நடுவுல ரெண்டும் சேர்ந்து ஒரு வீக்கம் வந்துடும். அதனால நான் டயல 55, 60 பக்கத்துல வச்சிருக்கேன். டயல்ல போட்டிருக்கற நம்பர அப்படியே நம்பாதீங்க, விலை கம்மியான சப்புல அது ஒரு உத்தேசம்தான், காது சொல்றதுதான் கணக்கு. சரியா வச்சிருக்கோமான்னு பாக்க நான் கண்டுபிடிச்ச நல்ல டெஸ்ட், கனமான ஆண் குரல்ல யாராவது பேசுற ஒரு ரெக்கார்டிங். ஆண் குரல் பெரும்பாலும் 85 ஹெர்ட்ஸுக்கு மேலதான் ஆரம்பிக்கும், அதனால அந்தப் பேச்சு ஓடும்போது சப் கிட்டத்தட்ட சும்மாதான் இருக்கணும். பேசுறவர் பானைக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருந்தா கிராஸோவர் மேல இருக்கு, இல்லன்னா கெயின் ஜாஸ்தி.

ஃபேஸ் சுவிட்சுக்கு, அதாவது சப்போட அலைய தலைகீழா திருப்பற சுவிட்சுக்கு, பெருசா குழம்ப வேண்டாம். கிராஸோவர் பக்கத்துல ஒரு டோன், அதாவது 60, ஓட விட்டு, நாற்காலில உக்காந்துக்கிட்டு வேற யாரையாவது 0, 180ன்னு மாத்தச் சொல்லுங்க, எதுல சத்தம் ஜாஸ்தியோ அதுதான் சரி.

கெயின் விஷயத்துல எனக்கு உறுதியான கருத்து இருக்கு. சப் வாசிக்கிறது தெரியவே கூடாது. பாட்டு ஓடும்போது சப்ப ஆஃப் பண்ணா ரூம் திடீர்னு சின்னதாயிட்ட மாதிரி இருக்கணும், ஆன் பண்ணா சப்ல இருந்து வருதுன்னு விரல் நீட்டிக் காட்ட முடியாம இருக்கணும். வாங்கின புதுசுல எல்லாரும் ஜாஸ்தி வச்சுதான் கேப்பாங்க, போகப் போக டயல் தானா கீழ இறங்கிடும், எனக்குத் தெரிஞ்ச எல்லாருக்கும் அப்படித்தான். இன்னொரு விஷயம், வால்யூம் மாறுனா காதோட கணக்கும் மாறும். கம்மி சத்தத்துல நம்ம காதுக்கு பேஸ் கேக்குற திறன் மத்த எல்லாத்த விடவும் வேகமா குறையும், 1933லயே ஃப்ளெட்சரும் மன்சனும் இத அளந்து வச்சிருக்காங்க. அதனால ராத்திரி மெதுவா கேக்கும்போது கெயின கொஞ்சம் ஏத்துறதும், பகல்ல நல்லா வச்சு கேக்கும்போது இறக்குறதும் தப்பே இல்ல. நான் கெயின் டயல் பக்கத்துல சின்னதா ரெண்டு கோடு மார்க் பண்ணி வச்சிருக்கேன், ராத்திரிக்கு ஒண்ணு, பகலுக்கு ஒண்ணு.

கனெக்‌ஷன் பத்தி. சப் அவுட் இல்லாத ஆம்புக்கு சப்ல இருக்கற ஹை லெவல் இன்புட் ரொம்ப உபயோகம், ஆம்போட ஸ்பீக்கர் டெர்மினல்ல இருந்தே வயர் இழுத்துக்கலாம், ஆம்புக்கு அதனால லோடு ஏறாது. ஆனா ஒரு எச்சரிக்கை, இப்ப வர்ற சின்ன கிளாஸ் டி ஆம்ப் நெறையதுல ஸ்பீக்கர் மைனஸ் டெர்மினல் கிரவுண்ட் கிடையாது, அதுலயும் சிக்னல் ஓடும். சப் உள்ள லெஃப்ட் மைனஸும் ரைட் மைனஸும் சேர்ந்திருந்தா ஆம்ப் போயிடும், மேனுவல பாக்காம மாட்டாதீங்க. கம்ப்யூட்டர்ல இருந்து பாட்டு கேக்குறவங்களுக்கு கிரவுண்ட் லூப் ஹம்மும், அதாவது எர்த் வழியா கலக்குற கரண்ட் இரைச்சலும், வரலாம், சப் அந்த கீழ் ஹெர்ட்ஸ் ஏரியாலதான் நல்லா வாசிக்கும்ங்கறதால சின்ன ஹம் கூட ரூம் பூரா கேக்கும். எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல போட்டதும் எனக்கு கிட்டத்தட்ட போயிடுச்சு. போகலன்னா ஆடியோ லைன்ல ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போடுங்க, எர்த் பின்ன மட்டும் யாரு சொன்னாலும் எடுக்காதீங்க, அது உயிர் சமாச்சாரம்.

இத்தன நாள்ல கடுப்பேத்துனது ஆட்டோ ஸ்டேண்ட்பை, அதாவது பாட்டு இல்லன்னா சப் தானா தூங்கிடற வசதி. ராத்திரி மெதுவா கேட்டா சப் முழிக்கவே முழிக்காது, முழிச்சாலும் பாட்டுல அமைதியான இடம் வந்தா திரும்பத் தூங்கிடும், அப்புறம் டொக்குன்னு ஒரு சத்தத்தோட எந்திரிக்கும். விலை கம்மியான சப்ல இது நெறைய பேருக்கு இருக்கற குறைதான். நான் ஆட்டோவ விட்டுட்டு ஆன்லயே வச்சுட்டேன், கேட்டு முடிச்சதும் போர்டுல ஆஃப்.

போர்ட், அதாவது சப் பெட்டியில காத்து போற ஓட்டை, இருக்கற மாடல்னா அதுல ஸ்பாஞ்ச் உருட்டி அடைச்சுப் பாருங்க. பேஸ் அளவு கொஞ்சம் குறையும், ஆனா கீழ சரியறது மெதுவா இருக்கும், சின்ன ரூம் குடுக்கற ஏத்தத்தோட அது நல்லா ஒத்துப் போகும், எனக்கு நோட்டு இழுக்காம டக்குனு நிக்கிற வேகம் நல்லாவே கூடுச்சு. சத்தமா வைக்கிறவங்க இத பண்ண வேண்டாம், போர்ட் செய்ய வேண்டிய வேலைய கோன் செய்யறதால கோன் ஜாஸ்தி ஆடும். சுவத்துல ஒட்டற மெல்லிசு ஃபோம் வாங்கி பேஸ சரி பண்ணலாம்னு மட்டும் நெனைக்காதீங்க, 50 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் 22 அடிக்கு மேல, ஒரு இன்ச் ஃபோம் அதுக்கு இருக்கறதும் ஒண்ணுதான் இல்லாததும் ஒண்ணுதான்.

ஒரு சப்னா ஸ்டீரியோ போயிடுமேன்னு பயப்படவும் வேண்டாம். இவ்வளவு கீழ திசை தெரியாது, தவிர வினைல் ரெக்கார்டுல ஊசி பள்ளத்த விட்டு துள்ளக் கூடாதுன்னு கீழ் பேஸ மோனோவாத்தான் வெட்டுவாங்க.

கீழ் வீட்டுல ஆள் இருந்தா இத வாங்கறதுக்கு முன்னாடியே அவங்ககிட்ட பேசிடுங்க. சப்புக்கு கீழ கெட்டியான ரப்பர் பேட் போட்டா தரை வழியா போற அதிர்வு குறையும், காத்து வழியா போறத எந்த பேடும் தடுக்காது.

அடுத்து நான் செய்ய நெனைக்கிறது இதே மாடல்ல இன்னொண்ணு வாங்கி பின் சுவத்தோட நடுவுல வைக்கிறது. எதிர் எதிர் சுவத்துல ரெண்டு சப் ஒரே ஃபேஸ்ல ஓடுனா நீளத்தோட மொத மோட் ஒண்ண ஒண்ணு அடிச்சு விட்டுடும், மிச்சம் இருக்கற அந்த 47 ஹெர்ட்ஸ் மேடும் படுத்துடும். ஒரு பெரிய சப்புக்கு மாறுறத விட இதுதான் என் ரூமுக்கு சரி, நாற்காலிக்குப் பின்னாடி இருக்கற அந்த 4 அடியில அலமாரிய நகர்த்திட்டா இடமும் வந்துடும்.