சூட்டுத் துவக்கும் என் டோசரும்

என்னிடம் இருப்பது 150 குதிரைவலு கொண்ட பழைய ஜப்பான் டோசர். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வட்டை (வயல்வெளி) திருத்துவதும் குளக்கட்டுக்கு மண் தள்ளுவதும் அதன் பிழைப்பு. என் பிழைப்பும் அதுதான். 2021இல் அதற்கென்று, தொடாமலே சூட்டை அளக்கும் ஓர் அகச்சிவப்பு வெப்பமானி வாங்கினேன். பிடியும் விசையுமாகத் துப்பாக்கி போலவே இருப்பதால் எங்கள் ஆட்கள் அதற்கு வைத்த பெயர் 'சூட்டுத் துவக்கு'. நான்கு ஆண்டுகளாகக் கையில் இருக்கிறது. நல்ல பொருள்தான். ஆனால் முதல் வாரத்திலேயே என்னிடம் பெரிய பொய் ஒன்று சொன்னது.

அந்த ஆடி மாதம் கொக்கட்டிச்சோலைக்கு மேற்கே ஒரு போடியாரின், அதாவது பெரிய நிலக்காரரின், மானாவாரி வட்டையில் வேலை. கச்சான் காற்று அனலை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தது. பதினொரு மணிக்கே ஒப்பரேட்டர் தம்பி இறங்கி வந்துவிட்டான்.

"அண்ணன், கொன்வேட்டர் ஊசி சிவப்புக்குள் போய்விட்டது. தண்ணீர் ஊசி நடுவில்தான் நிற்கிறது."

டோர்க் கொன்வேட்டர் என்பது இயந்திரத்தின் வலுவை ஒயில் வழியாகக் கியர்பெட்டிக்குக் கடத்தும் பாகம். என் வண்டியில் அதன் ஒயில் 120 பாகையைத் தாண்டினால்தான் ஊசி சிவப்பைத் தொடும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு மெக்கானிக்கை வரவழைத்தோம். அவர் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை. "கிளட்ச் தட்டுகள் தேய்ந்துவிட்டன, கியர்பெட்டியை இறக்க வேண்டும்" என்றார். சொன்ன தொகை பல இலட்சம். போடியாருக்கு வேலை முடிய வேண்டும், எனக்கு மணித்தியாலக் கணக்கில் கூலி. அன்று சரி என்று தலையாட்டியிருந்தால் பெட்டி இறங்கியிருக்கும்.

முதலில் ஒயில் மட்டத்தைப் பார்த்தோம். சமதரையில், ஒயில் சூடாக இருக்கும்போது, இயந்திரம் மெதுவாக ஓட, நியூட்ரலில் வைத்துப் பார்க்க வேண்டும். குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும். கூடினால் பற்சக்கரங்கள் ஒயிலைக் கடைந்து நுரைக்கவைக்கும். இரண்டிலும் சூடு ஏறும். மட்டம் சரியாக இருந்தது. பிறகு பில்டரைக் கழற்றி, தகட்டை அறுத்து, உள்ளிருந்த காகித மடிப்பை ஒரு வெள்ளைத் துணியில் விரித்துப் பிழிந்தேன். கிளட்ச் தேய்ந்திருந்தால் பித்தளை நிறத் துகள் மின்னும், அல்லது கருகிய உராய்வுப் பொருள் சேறாக வரும். கொன்வேட்டர் உடைந்துகொண்டிருந்தால் அலுமினியப் பொடி வரும். துணியில் படிந்தது கொஞ்சம் கறுப்பு மட்டுமே. மெக்கானிக்கின் தீர்ப்பில் எனக்கிருந்த நம்பிக்கை அத்தோடு போய்விட்டது.

அடுத்து துவக்கை எடுத்தேன். கொன்வேட்டரிலிருந்து ஒயில் நேரே கூலருக்குப் போய், அங்கே ஓடும் ரேடியேட்டர் தண்ணீரில் குளிர்ந்து திரும்பும். கூலருக்குள் போகும் குழாயில் 118 பாகை. வெளியே வரும் குழாயில் 63. போகும்போது 118, வரும்போது 63! இவ்வளவு குளிர்கிறதென்றால் ஒயில் மிக மெதுவாக ஓடுகிறது, பம்ப் பலவீனம் என்று முடிவுகட்டி, பம்பைக் கழற்ற ஸ்பனரையும் எடுத்துவிட்டேன்.

அன்றிரவு வீட்டில் தேநீருக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. சும்மா விளையாட்டாக, மினுக்கிய அலுமினியக் கேத்தலின் பக்கத்தில் துவக்கைப் பிடித்தேன். 41 என்றது. மூடி படபடவென்று துள்ளிக்கொண்டிருக்கிறது, இது 41 என்கிறது! அதே இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒரு துண்டு ஒட்டிப் பார்த்தேன்: 96. மனைவி கேத்தலைப் பறித்துக்கொண்டு போய்விட்டாள், ஆனால் விடை கிடைத்துவிட்டது. பளபளக்கும் உலோகம் தன் சூட்டைக் கொஞ்சமாகவே கதிராக வெளிவிடும். கருவி காண்பதில் பெரும்பகுதி சுற்றுப்புறத்தின் பிரதிபலிப்பு. கூலரிலிருந்து வரும் குழாய் அண்மையில் மாற்றிய, பெயின்ட் பூசாத புது இரும்பு.

மறுநாள் இரண்டு குழாய்களிலும் டேப் ஒட்டி அளந்தேன். உள்ளே 118, வெளியே 111. ஏழு பாகைதான் குறைகிறது. பம்பில் குற்றமில்லை, கூலர் சூட்டை வாங்கவே இல்லை.

கூலரை இறக்கினோம். உள்ளே தண்ணீர் ஓடும் சிறு குழாய்களில் பாதிக்கு மேல், பழைய கேத்தலின் அடியில் பிடிப்பதுபோல வெள்ளைக் காறை. பல ஆண்டுகளாகக் கூலன்ட் ஊற்றாமல், வாவிக்கரைக் கிணறுகளின் உவர்நீரையே ரேடியேட்டரில் ஊற்றி வந்ததன் பலன். முந்தைய உரிமையாளர் ரேடியேட்டரை மட்டும் புதிதாக மாற்றியிருந்தார், அதனால்தான் தண்ணீர் ஊசி நல்லபிள்ளையாக நடுவில் நின்றது. காறையைக் கரைத்து, குழாய்களைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, மாட்டுமுன் காற்றழுத்தம் கொடுத்துக் கசிவு பார்த்தோம். அங்கே ஓட்டை இருந்தால் தண்ணீர் ஒயிலோடு கலந்து, மெக்கானிக் சொன்ன கிளட்ச் உண்மையிலேயே போய்விடும். இப்போது கடும் வேலையில் உள்ளே 98, வெளியே 85.

இன்னொன்றையும் துவக்கு காட்டிக்கொடுத்தது. களிமண்ணில் தம்பி இரண்டாம் கியரில் மண்ணை முட்டி நிற்பான். சங்கிலி நகராது, இயந்திரம் மட்டும் கத்தும். அப்படி நிற்கும்போது இயந்திரம் தரும் வலு முழுவதும் கொன்வேட்டருக்குள் சூடாகவே மாறுகிறது. 150 குதிரைவலு என்றால் ஏறத்தாழ 110 கிலோவாட்: 2 கிலோவாட் மின்கேத்தல்கள் ஐம்பதுக்கு மேல் ஒரே நேரத்தில் கொதிப்பதற்குச் சமம். முதல் கியருக்கு மாறச் சொன்னேன். பத்து நிமிடத்தில் ஆறு பாகை இறங்கியது.

துவக்கின் குறைகள் என்றால், சிவப்புப் புள்ளி படும் இடத்தை மட்டும் அது அளப்பதாக நம்பக் கூடாது. என்னுடையது 12க்கு 1 வகை: 12 சென்ரிமீற்றர் தூரத்தில் ஒரு சென்ரிமீற்றர் வட்டம், எட்ட நின்றால் பக்கத்துப் பாகங்களும் கணக்கில் சேர்ந்துவிடும். கண்ணாடியில் தூசி படிந்தால் குறைத்துக் காட்டும். 2022இல் டீசல் இல்லாமல் டோசர் மாதக்கணக்கில் நின்றபோது துவக்கின் பெட்டரியைக் கழற்ற மறந்தேன். அது ஒழுகி முனைகளை அரித்துவிட்டது, சுரண்டிச் சரிசெய்தேன். கொரோனாக் காலத்து நெற்றி வெப்பமானி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். காய்ச்சலுக்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது.

டேப் சூட்டில் உரிந்துவிடுவதால் இப்போது குழாய்களில் கறுப்புப் பெயின்டில் இரண்டு பொட்டு வைத்திருக்கிறோம். தம்பி நண்பகலில் அவற்றை அளந்து, கதவின் உட்புறத்தில் சோக்கால் எழுதுகிறான். சென்ற வாரம் உள்ளே போகும் குழாய்க்கு, 98ஐத் தாண்டி, 104 என்று எழுதியிருந்தான். அடித்தகட்டைக் கழற்றினால் உள்ளே சூட்டை வெளியேற விடாமல் வைக்கோலும் காய்ந்த சேறும் ஒரு சாக்கு நிறைய.