டெக்ஸோமா ஏரியில் வெட்டு இரை: ஐந்து குளிர்காலத்துக்குப் பிறகு

டெக்சஸில் நான் இருக்கும் பிளேனோவிலிருந்து 75ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் டெக்ஸோமா ஏரி. ஐந்து குளிர்காலமாக அங்கே ஸ்ட்ரைப்பர் என்ற மீனைப் பிடிக்கப் போய்க்கொண்டிருக்கிறேன். படகு கிடையாது, கரையில் நின்றுதான். இரையும் மாறியதில்லை, ஷாட் என்ற சின்ன மீனை வெட்டிய துண்டுதான். தூண்டிலுக்குப் புதியவர்கள் செயற்கை இரைகளில் காசைக் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

ஸ்ட்ரைப்பர் பார்வைக்கு நம்ம ஊர் கொடுவாயை நினைவுபடுத்தும் மீன். வெள்ளி உடம்பில் தலையிலிருந்து வால் வரை ஏழெட்டு கறுப்புக் கோடுகள். அடிப்படையில் கடல் மீன், முட்டையிட மட்டும் ஆற்றில் ஏறும். டெனிசன் அணை 1944இல் கட்டி முடிந்து இந்த ஏரி உருவானது. 1965இல் தொடங்கிச் சில ஆண்டுகள் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பெரும்பாலான ஏரிகளில் இப்படி விட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும், ஏனென்றால் இதன் முட்டை ஓடும் நீரில் மிதந்துகொண்டே பொரிக்க வேண்டும், அடியில் தங்கினால் செத்துவிடும். டெக்ஸோமாவில் சேரும் ரெட் ஆறும் வாஷிட்டா ஆறும் அதற்குப் போதுமான நீளம் ஓடுகின்றன. உப்புப் படிவங்கள் வழியாக வருவதால் தண்ணீரிலும் லேசாக உப்பு இருக்கும். அதனால் இங்கே அது தானாகவே பெருகுகிறது.

முதல் குளிர்காலம் எனக்கு வீண். கடையில் உறைந்த ஷாட் பாக்கெட் வாங்கிப் போவேன். உறைபனி விட்டதும் சதை களிமாதிரி ஆகிவிடும். வீசும் வேகத்திலேயே இரை கழன்று ஒரு பக்கம் போகும், வெறும் தூண்டில் முள் இன்னொரு பக்கம் விழும். ஆறு முறை போய் இரண்டு கெளுத்திதான் கிடைத்தது. வெட்டு இரையால் பயனில்லை என்று யாராவது சொன்னால், இரை எத்தனை நாள் பழையது என்றுதான் முதலில் கேட்பேன்.

இப்போது இரையை நானே பிடிக்கிறேன். அக்டோபரில் ஓடைகள் ஏரியில் சேரும் இடங்களில் வீச்சு வலை போட்டால் ஷாட் கிடைக்கும். பிடித்ததும் பிளாஸ்டிக் பையில் போட்டு, பையை ஐஸ் மேல் வைக்க வேண்டும். ஐஸ் கரைந்த தண்ணீரில் மீன் ஊறவே கூடாது, ஊறினால் சதை தளர்ந்துவிடும். ஜனவரியில் ஷாட் ஆழத்துக்குப் போய்விடும், வலைக்கு அகப்படாது. அந்த மாதத்துக்கு என்ன செய்வது என்று தவித்தபோது வழி சொன்னவர் என்னோடு வரும் தூத்துக்குடித் தம்பி. "கல்லுப்பு போட்டு ஒரு ராத்திரி வச்சு, அப்புறம் ஃப்ரீசர்ல போடுங்கண்ணே, சதை இறுகிரும்" என்றார். அப்படியே இறுகியது. புதிய ஷாட்டுக்கு அடுத்த இடம் உப்பிட்ட ஷாட்டுக்குத்தான்.

வெட்டுவதில் கொஞ்சம் கவனம் வேண்டும். முதலில் செதிலைச் சுரண்டுவேன். ஒரு செதில் முள்முனையில் ஒட்டிக்கொண்டாலும் மீன் வாயில் முள் இறங்காது. பிறகு செவுளுக்குப் பின்னால் சாய்வாக ஒரு வெட்டு, வாலை எடுக்க ஒரு வெட்டு. குடலை அப்படியே விட்டுவிடுவேன், வாசனை அங்கேதான் இருக்கிறது. நடுத்துண்டின் முதுகுப் பக்கம் தோலோடு சேர்த்து முள்ளைக் குத்தி, முனை முழுவதும் வெளியே தெரியும்படி வைப்பேன். தலையையும் வீணாக்குவதில்லை, பெரிய மீன்கள் பலமுறை தலைக்குத்தான் வந்திருக்கின்றன. தண்ணீரில் இருபது நிமிடம் கிடந்தால் ரத்தம் வெளுத்துத் துண்டு வெள்ளையாகிவிடும். தொடாமல் கிடந்தாலும் மாற்றிவிட வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்த பிறகுதான் வெறுங்கையோடு திரும்பும் நாட்கள் எனக்குக் குறைந்தன.

கருவிகளில் பெரிதாக ஒன்றுமில்லை. அக்ளி ஸ்டிக் என்ற பிராண்டின் ஏழடித் தூண்டில் கம்பு இரண்டு, ஐந்து வருடமாக வளையம் ஒன்றுகூடப் போகவில்லை. 20 பவுண்டு தாங்கும் தூண்டில் நரம்பு, அதில் தங்குதடையில்லாமல் நழுவும் இரண்டு அவுன்ஸ் ஈயக்குண்டு, சுழலி, அதற்குக் கீழே இரண்டடி தடித்த நரம்பு. 2009இல் இந்த ஏரியில் ஜீப்ரா சிப்பி புகுந்துவிட்டது. பாறையெல்லாம் சிறு கத்திகள் மாதிரி அப்பிக் கிடக்கும். நாலு வீச்சுக்கு ஒரு தடவை அந்தக் கீழ் நரம்பை விரலால் தடவிப் பார்ப்பேன், சொரசொரப்பு தெரிந்தால் உடனே வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுவேன்.

முள் விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன். முனை உள்பக்கம் வளைந்த வட்ட முள், 6/0 அளவு, வேறு எதுவும் வேண்டாம். முதல் வருடம் சாதாரண முள்ளில் ஒரு சின்ன ஸ்ட்ரைப்பர் இரையைத் தொண்டைக்குள் வாங்கிவிட்டது. நரம்பை வெட்டித் தண்ணீரில் விட்டேன். பத்தடி தள்ளிப் போய் வயிறு மேலே தெரிய மிதந்தது. அந்தக் காட்சி இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. வட்ட முள் பெரும்பாலும் உதட்டோரத்தில்தான் பிடிக்கும். ஆனால் கம்பு ஆடியதும் வெடுக்கென்று இழுக்கும் பழக்கத்தை விட்டாக வேண்டும். கம்பு தானாக வளைந்து நிற்கும் வரை பொறுத்து, அப்புறம் சுற்றினால் போதும். அட்லாண்டிக் கரையில் இரை வைத்து ஸ்ட்ரைப்பர் பிடிக்க 2021 முதல் வட்ட முள் கட்டாயம். ஏரிக்கும் அது பொருந்தும் என்பது என் எண்ணம்.

குளிர்காலத்தில் இது ஏன் இவ்வளவு வேலை செய்கிறது? தண்ணீர் 45 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினால் த்ரெட்ஃபின் வகை ஷாட் குளிர் தாங்காமல் சாகத் தொடங்கும். செத்து இறங்குவதை ஸ்ட்ரைப்பர் கீழேயே நின்று பொறுக்கித் தின்னும். அடியில் கிடக்கும் துண்டு அதற்குப் பழகின சாப்பாடு. காற்று மோதும் முனைகளில், பொழுது சாயும் கடைசி ஒரு மணி நேரம்தான் எனக்கு அதிகம் கொடுத்திருக்கிறது. ஐசன்ஹோவர் மாநிலப் பூங்காவின் கரையில் நின்றால் உரிமமும் தேவையில்லை. வேறு இடங்களுக்கு டெக்ஸோமா உரிமம் எடுத்துக்கொண்டால் டெக்சஸ், ஓக்லஹோமா இரண்டு பக்கமும் செல்லும். ஒருவர் ஒரு நாளைக்குப் பத்து ஸ்ட்ரைப்பர் வரை எடுக்கலாம், அதில் 20 அங்குலமோ அதற்கு மேலோ இரண்டுதான். எடுத்து வைத்த மீனைப் பெரியது கிடைத்ததும் திருப்பி விடக்கூடாது.

குறைகளும் உண்டு. வெட்டு இரைக்கு எல்லா மீனும் வரும். கெளுத்தி, டிரம் என்ற மீன், சில நேரம் நீள மூக்குள்ள கார் மீன். 2004 ஜனவரியில் 121.5 பவுண்டு நீலக் கெளுத்தி, அன்றைய உலக சாதனை, கரையிலிருந்து பிடிபட்டது இந்த ஏரியில்தான். ஆகவே கம்பைத் தாங்கியில் வைத்தால் நரம்புச் சுருளின் பிடியைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கி வைத்து ஒரு கம்பைத் தண்ணீருக்குப் பறிகொடுத்திருக்கிறேன். கோடையில் இந்த முறையைப் பரிந்துரைக்க மாட்டேன். மீன் ஆழத்தில் இருக்கும், வெந்நீர் வழியாக மேலே இழுத்த மீன் திருப்பி விட்டாலும் பிழைப்பது அரிது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நான் போவதே இல்லை.

சமைக்கும்போது தோலுரித்த துண்டின் பக்கவாட்டில் ஓடும் சிவப்புச் சதையைச் சீவி எடுத்துவிடுங்கள், கவிச்சி முழுக்க அதில்தான். போன டிசம்பரில் அம்மா வந்திருந்தார். ஐஸ் பெட்டியைத் திறந்து ஷாட்டைப் பார்த்துவிட்டு, "மத்தி மாதிரி இருக்கேப்பா, இதைப் போயா இரைக்கு வெட்டுற?" என்று வருத்தப்பட்டார். ஒன்றை எடுத்து முள்ளைக் காட்டினேன், மயிரிழை மாதிரி சதை முழுக்க முள். விட்டுவிட்டார். அன்று சாயங்காலம் கிடைத்த ஸ்ட்ரைப்பரில் பாதியை மிளகாய் தடவிப் பொரித்து, மீதியைப் புளிக்குழம்பில் போட்டார். சதை உடையாமல் நின்றது. மறுநாள் காலை பழைய குழம்பை இட்லிக்கு ஊற்றிக்கொண்டே, "திரும்ப எப்போ போற?" என்றார்.