கோதுமை இல்லாத இத்தாலிய விருந்து: ரிசோட்டோவா, பொலெண்டாவா, பாஸ்தாவா?

திருமண நாள் விருந்தில் ஒருவருக்கு சீலியாக் நோய் (கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஆகாத நோய்) என்றால், கை முதலில் நீள்வது குளூட்டன் இல்லாத பாஸ்தா பாக்கெட்டை நோக்கித்தான். மூன்றில் கடைசியாக யோசிக்க வேண்டியதும் அதுதான். அரிசியும் மக்காச்சோளமும் வட இத்தாலியின் அன்றாட உணவு: அரிசியைக் குழைவாக வேகவைத்தால் ரிசோட்டோ, மக்காச்சோள மாவைக் களியாகக் கிளறினால் பொலெண்டா. இருப்பதைச் சமைத்தாலே போதும், மாற்றுப் பொருள் எதற்கு?

பாஸ்தாவைக் கட்டி வைத்திருப்பது குளூட்டன். அது இல்லாத மக்காச்சோள, அரிசி மாவுப் பாஸ்தாவில் சரியான பதத்துக்கும் குழைவுக்கும் இடையே ஓரிரு நிமிடம்தான். 100 கிராமுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. போட்டவுடன் கிளறாவிட்டால் ஒட்டிக்கொள்ளும். ஆறினால் விறைத்துவிடும். நீள இழையான ஸ்பாகெட்டி உடையும், குட்டைக் குழாயான பென்னே தாக்குப்பிடிக்கும். மற்றவர்களுக்குக் கோதுமைப் பாஸ்தாவும் வேகிறதென்றால் பாத்திரம், வடிதட்டு, மரக்கரண்டி எல்லாம் தனித்தனி.

இருவர் மட்டும் சாப்பிடும் இரவென்றால் ரிசோட்டோவுக்கு ஈடில்லை. 160 கிராம் கார்னரோலி அரிசி எடுங்கள். அர்போரியோ ரக அரிசி எளிதில் கிடைக்கும், ஆனால் சீக்கிரம் குழையும். அரிசியைக் கழுவக் கூடாது. குழம்புப் பதம் தருவதே அதன் மாவுதான். வெண்ணெயில் வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, அரிசியை 2 நிமிடம் வறுத்து, 60 மி.லி. வெள்ளை ஒயின் விட்டு வற்றவிடுங்கள். பக்கத்து அடுப்பில் 700 மி.லி. ஸ்டாக் (காய்கறியோ இறைச்சியோ வேகவைத்து வடித்த சாறு) கொதித்துக்கொண்டே இருக்கட்டும். ஆறிய ஸ்டாக் விட்டால் வேக்காடு தடைபடும். கரண்டி கரண்டியாகச் சேர்க்க 16 முதல் 18 நிமிடம். அடுப்பை அணைத்து, 25 கிராம் குளிர்ந்த வெண்ணெயும் 30 கிராம் பார்மிஜானோ சீஸும் சேர்த்து வேகமாகக் கிளறுங்கள். (பார்மிஜானோவில் பாலை உறையவைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் உண்டு, சைவர்கள் சைவ ரென்னெட் சீஸ் தேட வேண்டும்.) தட்டைச் சாய்த்தால் மெல்லப் பரவ வேண்டும். மலைபோல் நின்றால் இன்னும் ஒரு கரண்டி ஸ்டாக்.

இதில் கோதுமை நுழைவது இரண்டு வழிகளில்: சில ஸ்டாக் கட்டிகளில், கூடவே வைக்கும் ஒசோபூக்கோ (எலும்போடு வேகவைத்த கன்றின் கால்) இறைச்சியில் தூவும் மாவில். அந்த மாவுக்குப் பதில் சோள ஸ்டார்ச் தூவலாம். அரிசிக்குப் பதில் ஃபாரோவோ ஓர்ஸோவோ வேண்டாம்: முன்னது கோதுமை இனம், பின்னது இத்தாலியில் பார்லி.

எட்டுப் பேர் என்றால் ரிசோட்டோவை மறந்துவிடுங்கள். சமைப்பவர் கடைசி நிமிடம்வரை அடுப்படியில்தான் நிற்க நேரும். அங்கே பொலெண்டா ஜெயிக்கிறது. 500 கிராம் கொரகொரப்பான மக்காச்சோள மாவு, 2.5 லிட்டர் தண்ணீர், 25 கிராம் உப்பு, 45 நிமிடம். கொதிநீரில் மழைபோல் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும். மேலே ஊற்றும் ரகூ என்ற இறைச்சிக் குழம்பை முந்தைய நாளே வைத்துவிடலாம். பொலெண்டாவையும் தட்டில் 2 செ.மீ. கனத்தில் பரப்பி ஆறவைத்து, துண்டுபோட்டு மறுநாள் வாட்டலாம். ஒரே குறை, கோதுமையும் அரைக்கும் ஆலையில் அரைத்த மாவு ஆகாது. குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட பாக்கெட்டாகப் பாருங்கள். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் வரம்பு கிலோவுக்கு 20 மி.கி.

இனிப்பில் போட்டியே இல்லை. திராமிசுவின் சவோயார்டி பிஸ்கட் கோதுமை. காப்ரி தீவின் தோர்த்தா காப்ரேசே பிறவியிலேயே பாதாம் கேக்: பாதாம் தூள், கறுப்பு சாக்லேட், வெண்ணெய் தலா 200 கிராம், சர்க்கரை 170 கிராம், முட்டை 5. 170 டிகிரியில் சுமார் 45 நிமிடம். அச்சில் வெண்ணெய் தடவியதும் பழக்கத்தில் மைதாவைத் தூவிவிடாதீர்கள், கோகோ தூள் தூவுங்கள்.