வீட்டில் பாட்டுப் பதிவு செய்வோர் கவனத்துக்கு: தொலைவிலிருந்து ஒலிக் கோளாறு நீக்குவதாகச் சொல்லி ஏமாற்றுகிறார்கள்

மூன்று மாதச் சேமிப்பு நாற்பது நிமிடத்தில் போய்விட்டது. கணினியில் வரும் ஒலிப்பதிவுக் கோளாறுகளை இருந்த இடத்திலிருந்தே சரிசெய்து தருவதாக விளம்பரம் செய்திருந்த ஒருவரை, இத்தகைய வேலைகளுக்கு ஆள் அமர்த்தித் தரும் இணையத் தளம் ஒன்றின் வழியே பிடித்தேன். தளத்தின் பெயரையோ அவருடைய பெயரையோ நான் எழுதப் போவதில்லை. நடந்ததை மட்டும் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக்கின் ஒலியைக் கணினிக்குக் கொண்டுபோகும் சிறு பெட்டி) மைக்கை இணைத்துப் பாடும்போதெல்லாம், அரை நிமிடத்துக்கு ஒருமுறை காய்ந்த சுள்ளி முறிவதைப் போல 'படக்' என்று ஒரு வெடிப்பு ஒலி குறுக்கே விழுந்துகொண்டிருந்தது. நன்றாகப் பாடிய வரியில்தான் அது தவறாமல் விழுந்தது. கேபிளை மாற்றினேன், மைக்கை மாற்றினேன், பயனில்லை.

அந்த நபர் பொறுமையாகப் பேசினார் என்பதுதான் என்னை வீழ்த்தியது. பஃபர் (கணினி ஒரு தடவையில் கைமாற்றும் ஒலிக்கட்டின் அளவு) எவ்வளவு வைத்திருக்கிறீர்கள், சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்ற எண்ணிக்கை) 44,100-ஆ 48,000-ஆ என்றெல்லாம் சரியான கேள்விகளைக் கேட்டார். தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருளை நிறுவச் சொன்னார், நிறுவினேன். திரையில் சுட்டி தானாக நகர்வதைப் பார்த்தபோது, விவரம் தெரிந்த ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டோம் என்ற நிம்மதிகூட வந்தது. கடைசியில் நான் முன்பே பதிவு செய்து வைத்திருந்த ஒரு பாட்டை ஓட்டிக் காட்டினார். ஒரு வெடிப்பும் இல்லை. "சரியாகிவிட்டது பாருங்கள், வேலை முடிந்ததாக உறுதி செய்துவிடுங்கள்" என்றார். நானும் தளத்தில் அந்தப் பொத்தானை அழுத்தினேன். அந்த ஒரு அழுத்தலில் மூன்று மாதச் சேமிப்பு அவர் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்று மாலை பாட உட்கார்ந்தேன். ஹெட்போனில் என் குரல் எனக்குப் பின்னால் நடந்து வந்தது. நான் 'ச' என்று தொடங்கி அடுத்த எழுத்துக்குப் போன பிறகு அந்தச் 'ச' காதில் விழுந்தது. தாளத்தைப் பிடித்து நிற்கவே முடியவில்லை. அமைப்புகளைத் திறந்து பார்த்தால், 128-ஆக இருந்த பஃபரை 1024-ஆக உயர்த்தியிருக்கிறார். 44,100 சாம்பிள் ரேட்டில் 128 என்பது ஏறத்தாழ 3 மில்லிநொடி; 1024 என்பது 23 மில்லிநொடி. குரல் கணினிக்குள் போகும்போது ஒருமுறை, திரும்பி வரும்போது ஒருமுறை என்று இரண்டையும் சேர்த்தால் தாமதம் 46 மில்லிநொடியைத் தாண்டிவிடுகிறது. கணினி ஒலியைச் சிறு சிறு கட்டுகளாகக் கைமாற்றுகிறது; ஒரு கட்டு உரிய நேரத்தில் வந்து சேராவிட்டால் விழும் இடைவெளிதான் அந்த வெடிப்பு. கட்டைப் பெரிதாக்கினால் வெடிப்பு மறையுமே தவிர, கட்டு ஏன் தாமதமாகிறது என்ற கோளாறு அப்படியே இருக்கும். அவர் செய்தது மறைத்தது மட்டுமே. போதாக்குறைக்கு, இன்டர்ஃபேஸைத் தயாரித்தவர்கள் கொடுத்த டிரைவரை, அதாவது அந்தக் கருவியைக் கணினியோடு இணைத்து இயக்கும் மென்பொருளை, நீக்கிவிட்டு எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஒன்றைப் போட்டிருந்தார்.

கேட்டதற்கு முதல் நாள் "ஹெட்போன் சரியில்லை" என்றார். மறுநாள் "உங்கள் கணினி பழையது, வேறு வாங்குங்கள்" என்றார். மூன்றாம் நாள் பதிலே இல்லை. தளத்தில் முறையிட்டேன், நானே வேலை முடிந்ததாக உறுதி செய்துவிட்டதால் பணத்தைத் திருப்பித் தர இயலாது என்று ஒரே வாக்கியத்தை மூன்று முறை அனுப்பினார்கள். மூன்று மாதச் சேமிப்புக்கு மூன்று முறை அதே வாக்கியம்!

உண்மைக் காரணத்தை நேற்றிரவு நானே கண்டுபிடித்தேன். இன்டர்ஃபேஸையும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கையும் ஒரே யூஎஸ்பி ஹப்பில் (ஒரு செருகுவாயைப் பலவாக்கும் கருவி) செருகியிருந்தேன். இன்டர்ஃபேஸை நேரடியாகக் கணினியில் செருகியதும் வெடிப்பு பெருமளவு குறைந்தது. வைஃபையை அணைத்ததும் முற்றிலும் நின்றது. பழைய டிரைவரைத் திரும்ப நிறுவி, பஃபரை மீண்டும் 128-க்குக் கொண்டுவந்து அரை மணி நேரம் பாடினேன். ஒரு வெடிப்பும் இல்லை. இதற்கு ஒரு காசு செலவாகவில்லை.

விரிவாக யோசனை சொல்லும் நிலையில் நான் இப்போது இல்லை. அவசரமாகச் சில மட்டும்: வெடிப்பு கேட்டால் அதே இடத்தை மறுபடி ஓட்டிப் பாருங்கள், அதே நொடியில் வந்தால் பதிவிலேயே கெட்டிருக்கிறது, இடம் மாறினால் ஒலிக்கும்போதுதான் கோளாறு. பழைய பாட்டை ஓட்டிக் காட்டுவதைச் சோதனையாக ஏற்காதீர்கள். நீங்களே பாடிப் பதிவு செய்து, ஹெட்போனில் தாமதத்தையும் கவனித்த பிறகே எதையும் உறுதி செய்யுங்கள். யார் எதை மாற்றினாலும் முந்தைய அமைப்புகளைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அவர் நிறுவச் சொன்ன அந்தத் தொலை இயக்க மென்பொருள், கணினியைத் திறக்கும்போதெல்லாம் தானாக இயங்கும்படி விடப்பட்டிருந்தது. அதை இன்று காலைதான் கண்டு நீக்கினேன்; கடவுச்சொற்களை இப்போதும் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறேன்.