நாலு வருடம், பதினான்கு பஞ்சர்: ஜவ்வாது மலையும் என் 200 சிசி வண்டியும்

போன வாரம் காட்பாடியிலிருந்து மச்சினன் போன் செய்தான். "மாமா, ஜிஎஸ்டி கொறைஞ்சதுல உங்க வண்டி வெல நல்லா எறங்கியிருக்கு. எடுத்துடட்டுமா? எடுத்த கையோட ஜவ்வாது மலைதான்." அவன் சொன்னது சரிதான். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள இருசக்கர வண்டிகளுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகிவிட்டது. ஆனாலும் வேண்டாம் என்றேன். "நாலு வருஷமா நீங்க மட்டும் ஓட்டுவீங்க, நான் கேட்டா வேணாமா?" என்று வருத்தத்தோடு வைத்துவிட்டான்.

அன்று காலைதான் பதினான்காவது பஞ்சரை ஒட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருந்தேன். அந்த எரிச்சல் என் குரலில் இருந்திருக்கும். போனில் சரியாகச் சொல்லாததை இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். அவனுக்கு மட்டுமல்ல, இந்த மாதிரி வண்டியை வாங்கிக் காட்டுப்பக்கம் போக நினைக்கும் யாருக்கும் உதவும்.

என் வண்டி மேடு பள்ளமான மண் பாதைக்கென்றே வரும் ரகம். முன்னால் 21 அங்குலம், பின்னால் 18 அங்குலம் ஸ்போக்ஸ் (கம்பி) சக்கரம், அடிப்பாகம் தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் உயரம். 2021 ஆகஸ்டில் எடுத்தேன், இப்போது 41,000 கிலோமீட்டர் ஆகிறது. கோன் செட் (ஹேண்டில் பேரிங்) ஒரு முறை, செயின் ஸ்பிராக்கெட் இரண்டு முறை மாற்றினேன். இன்ஜினில் கை வைக்கவே இல்லை. சர்வீஸ் செலவைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் எதிர்பார்க்காமல் கிடைத்த சந்தோஷம் ஒன்று உண்டு. வாங்கும்போது இந்த வண்டி வேகமாகக் குதித்துத் தாவும் என்று நினைத்தேன். அதன் உண்மையான அருமை மெதுவாகப் போவதில்தான் இருக்கிறது. முதல் கியரில் போட்டுவிட்டு எழுந்து நின்றால், கிளட்சைத் தொடாமலே ஒரு ஆள் நடக்கிற வேகத்தில் கல்லுக்கு மேல் கல்லாக ஏறிக்கொண்டே போகும். பக்கத்தில் ஆடு மேய்க்கிறவரோடு பேசிக்கொண்டே போகலாம். பறவைச் சத்தம் கேட்கும். கீழே போட்டாலும் தனி ஆளாக நிமிர்த்திவிட முடிகிற எடை. இதை விட்டால் மலைக்கு வேறு வண்டி எனக்கு வேண்டாம் என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

ஆனால் அந்த டியூப்!

ஸ்போக்ஸ் கம்பிகள் ரிம்மைத் துளைத்துக்கொண்டு உள்ளே வருவதால் காற்று நிற்காது, அதனால் டியூப் போட்டே ஆகவேண்டும். காரணம் எனக்குப் புரிகிறது. கல்லில் மோதினால் அலாய் சக்கரம் உடையும், ஸ்போக்ஸ் வளைந்து கொடுக்கும் என்பதும் தெரியும். ஆனால் கம்பிகளை ரிம்மின் ஓரத்தில் மாட்டி டியூப்லெஸ் ஆக்கும் முறையும் இருக்கிறது, விலை கூடிய வண்டிகளில் அப்படித்தான் வருகிறது. காட்டுக்கென்றே விற்கிற வண்டியில் இதைக் கொடுக்காமல் விட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை. பதினான்கு பஞ்சரில் பதினொன்று பின் சக்கரம். டியூப்லெஸ் வண்டிக்காரர் ஓட்டையில் ரப்பர் குச்சி செருகி, காற்றடித்து, ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார். நாம் சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டியைக் கல்லின் மேல் முட்டுக்கொடுத்து நிறுத்தி, ஆக்சிலைக் கழற்றி, செயினை இறக்கி, லிவர் போட்டு டயரைப் பிரிக்க வேண்டும். திரும்ப மாட்டுகிற அவசரத்தில் லிவரே புது டியூப்பைக் கடித்துவிடும். எனக்கு இரண்டு தடவை கடித்திருக்கிறது.

ஊரில்கூட இது தொல்லைதான். சத்துவாச்சாரியில் எங்கள் தெருவைச் சுற்றி நான்கு பஞ்சர் கடை உண்டு. மூன்று கடையில் ஸ்போக்ஸ் சக்கரம் என்றதும் "விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் பாக்கலாம்" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அந்த நேரத்தில் ஆறு டியூப்லெஸ் வண்டியை முடித்து அனுப்பிவிடலாம். அடிவாரத்தில் வேலிகாத்தான் முள், மேலே ஏறினால் காரை முள். கணியம்பாடியை விட்டால் வழியில் பஞ்சர் கடையை நம்பக் கூடாது.

2023 நவம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். வேலூரிலிருந்து அமிர்தி 25 கிலோமீட்டர். அதைத் தாண்டி நம்மியம்பட்டு வழியாக ஜமுனாமரத்தூர் போகும் சாலையிலிருந்து ஒரு ஊராட்சி மண் பாதை பிரிகிறது. நாங்கள் இரண்டு வண்டி. வீடியோக்களில் எல்லோரும் சொல்கிறார்களே என்று பின் சக்கரக் காற்றை 18 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு இறக்கியிருந்தேன். சாயங்காலம் நாலரை மணி, மழை தூறல், ஒரு கல்லில் இடித்தது, பின்பக்கம் அப்படியே ஆடியது. பம்பும் லிவரும் நண்பனின் பையில். அவன் முன்னால் போய்விட்டான். டவர் இல்லை. கத்தினால் மழையில் கேட்காது.

அரை மணி கழித்து ஒரு பெரியவர் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வந்தார். முன்னால் ஒரு மூட்டை சாமை, பின்னால் ஒரு மூட்டை. நிறுத்தி, குனிந்து டயரை அமுக்கிப் பார்த்தார். "காத்த ஏன் தம்பி எறக்கினீங்க? இங்க அம்மாம் கல்லு கெடக்குது. ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவுல டியூப்பு நசுங்காம என்னா பண்ணும்?" என்றார். சாமை மூட்டைக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்தார். லிவர் இரண்டு, சொல்யூஷன், ரப்பர் துண்டு, கைப் பம்பு, எல்லாம் அதில் இருந்தது. இருபது நிமிடத்தில் ஒட்டி மாட்டிவிட்டார். காசு கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். சொல்யூஷன் தீர்ந்துவிட்டது, அடுத்த தடவை வரும்போது ஒன்று வாங்கி வரச் சொன்னார். மூன்று வாரம் கழித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் சொன்னது முழுக்க உண்மை. காற்றை இறக்குவது மணலுக்கும் சேற்றுக்கும் நல்லது, டயர் விரிந்து பிடிக்கும். ஜவ்வாது மலைப் பாதைகள் உருட்டுக்கல்லும் கூர்க்கல்லும். காற்று குறைந்தால் டியூப் நசுங்கி ஒரே அடியில் அக்கம்பக்கமாக இரண்டு ஓட்டை விழும். அதிலிருந்து பின் சக்கரத்துக்கு 25 பிஎஸ்ஐ-க்குக் கீழே நான் வைப்பதில்லை. கொஞ்சம் உதறும், உதறட்டும். அதன் பிறகு மலையில் விழுந்த பஞ்சர்கள் முள்ளால் மட்டும்தான்.

மச்சினன் கேட்காத, ஆனால் முதலில் கேட்டிருக்க வேண்டிய விஷயம், எங்கே ஓட்டலாம் என்பது. மலையில் பெரும்பகுதி காப்புக்காடு. அரசுக் காடுதானே, பொதுச் சொத்துதானே என்று உள்ளே வண்டியை விடக் கூடாது. 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, காப்புக்காட்டுக்குள் அத்துமீறி நுழைவதையே குற்றம் என்கிறது. ஊர்களை இணைக்கும் சாலையிலும் ஊராட்சிப் பாதையிலும் பகலில் தாராளமாகப் போகலாம். அங்கிருந்து பிரியும் கூப்பு ரோடு (மரம் வெட்டி இறக்கப் போட்ட பாதை), தீத்தடுப்புக் கோடு, ஓடைத் தடம் எதிலும் அனுமதி இல்லாமல் சக்கரம் படக் கூடாது. 2022-இல் நானே மனு எழுதிக்கொண்டு ஒரு வனத்துறை அலுவலகத்துக்கு மூன்று தடவை நடந்தேன். மூன்றாவது தடவை, வண்டிக்கு அனுமதி கிடையாது என்று வாயால் சொல்லி அனுப்பினார்கள். ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் உண்டு. 2024 அக்டோபரில் அரசு 40 பாதைகளோடு மலையேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது, முன்பதிவு செய்துகொண்டு போகலாம், அத்தனையும் கால்நடையாகப் போக. வண்டிக்கும் அப்படி இரண்டு பாதையை ஒதுக்கிக் கட்டணம் வாங்கினால் திருட்டுத்தனமாக நுழைகிறவர்கள் குறைவார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதே நேரம் வனத்துறை பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. இந்த மலை சந்தன மரத்துக்குப் பேர் போனது, கடத்தலும் அப்படித்தான். இரவில் காட்டுக்குள் இன்ஜின் சத்தம் கேட்டால் காவலர் என்ன நினைப்பார்? மாசியிலிருந்து புல் சருகாகக் காய்ந்து கிடக்கும், சூடான சைலன்சர் அதில் பட்டால் போதும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போய்க் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். மாசி முதல் வைகாசி வரை நான் மலைக்குப் போவதே இல்லை. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கக் காட்டுக்கு எப்போதுமே போவதில்லை. ஆந்திரத்தின் கவுண்டின்யா சரணாலயத்தை ஒட்டிய பகுதி, யானை வரும். சத்தம் போடும் வண்டியோடு அங்கே எனக்கு என்ன வேலை?

இன்னொன்றையும் மச்சினன் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் ஆஃப் ரோடு என்று ஆசையாகத் தேடிப் போகிற பாதை, அணைக்கட்டு தாலுகாவின் மலை ஊர்க்காரர்களுக்கு இருக்கிற ஒரே ரோடு. 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் இறந்துவிட்டது. திரும்பும்போது ஆம்புலன்ஸ் மேலே போக ரோடு இல்லை. அந்தத் தாய் குழந்தையின் உடலைக் கையில் ஏந்தி நடந்தாள். அதை நினைத்து இப்போதெல்லாம் ஈரத்தில் அந்தப் பாதைகளில் நான் வண்டியை விடுவதில்லை. மழை பெய்து இரண்டு நாள் ஆகாத மண்ணில் நம் பல் பல்லான டயர் ஓடினால் அரை அடிப் பள்ளம் விழும். நாம் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்துவிடுவோம். அந்தப் பள்ளத்தில் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நடக்க வேண்டும், பிரசவத்துக்குப் போகிற பெண்ணை ஏற்றிய வண்டி இறங்க வேண்டும். ஊருக்குள் இன்ஜினை உறுமவிடுவதும் கூடவே கூடாது.

சரி, திட்டம். மழை விட்டுக் காய்ந்த டிசம்பர் கடைசி, ஜனவரி எனக்குப் பிடித்த காலம். இரண்டு வண்டி போதாது, மூன்று வேண்டும். ஒன்று படுத்துவிட்டால் ஒருவர் காவலுக்கு நிற்க, ஒருவர் கீழே போக. ஒவ்வொரு வண்டியிலும் சொந்தமாகப் பம்பு, லிவர், சொல்யூஷன். மாற்று டியூப் ஒன்றே ஒன்று எடுத்தால் போதும், அது 21 அங்குலமாக இருக்கட்டும். அவசரத்துக்கு 18 அங்குலப் பின் சக்கரத்திலும் அதை மடித்து மாட்டிக் கீழே இறங்கிவிடலாம், 18-ஐ முன்னால் மாட்ட முடியாது. பெட்ரோலைக் கணியம்பாடியில் நிரப்பிவிட வேண்டும். மலை ஏறும் முன் வீட்டுக்கு, எந்த வழி, எத்தனை மணிக்குள் கீழே வருவேன் என்று செய்தி. சாயங்காலம் நாலு மணிக்குமேல் கிளைப்பாதையில் இருக்கக் கூடாது. ஆலங்காயம் வழியாக இறங்குவதென்றால் காவலூரைப் பகலிலேயே கடந்துவிடுவேன். அங்கே வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-லிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த இருட்டில் நம் கூடுதல் விளக்குகளைப் போட்டுக்கொண்டு போக எனக்கு மனம் வருவதில்லை.

வாங்கலாமா என்றால், என் பதில் வேண்டாம்தான். காசு கொஞ்சம் சேர்த்து, டியூப்லெஸ் ஸ்போக்ஸ் வரும் வண்டியாகப் பார்த்து எடு. ஏறுவதில், எடையில், செலவில் இவ்வளவு நல்ல வண்டியை நானே வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கிறதே என்று வருத்தமாகத்தான் இருக்கிறது. என் வண்டியை விற்பாயா என்று கேட்டால் அதற்கும் மாட்டேன் என்றுதான் சொல்வேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவன் செய்தி வந்தது. முன்பணம் கட்டிவிட்டானாம், ஜனவரியில் வண்டி கைக்கு வருமாம். சரி. கடைக்குப் போய் முதலில் ஒரு 21 அங்குல டியூப் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். வண்டி வந்த அடுத்த ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கணியம்பாடி பங்க்கில் நிற்பேன். பின் சக்கரத்துக்குக் காற்று 25.